பெட்டிக்குள் தமிழ் இல்லை

அக்டோபர் மாத இடி ஒன்று எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய கணினியைக் கொண்டுபோனது. பினாங்கின் பிறை ஊரில் அந்த மாதம் பிற்பகல் நான்கு மணிக்கே வானம் கறுத்துவிடும். பிளக்கைப் பிடுங்கி வை என்று தினமும் மனைவியிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறவன் நான். அன்று எனக்கு இரவு வேலை. வீட்டில்தான் இருந்தேன், பிடுங்கவில்லை. தீபாவளிக்கு மறுநாள் வாசலில் அடிக்குமே, அந்த நாற்றம் வந்தது. அவ்வளவுதான்.

அந்தக் கணினியில்தான் 2013 முதல் ஒரு கோயிலின் இணையத்தளத்தைக் கட்டி, ஒட்டுப்போட்டு, ஓட்டிக்கொண்டிருந்தேன். அர்ச்சனைச் சீட்டு, உபயப் பதிவு, அன்னதான நன்கொடை ரசீது. இவைதான் தளம். கோயிலின் பெயரைச் சொல்லப் போவதில்லை; கடைசிவரை படித்தால் காரணம் புரியும். பகலில் நான் தொழிற்சாலையில் பரிசோதனை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன். நிரல் எழுதுவது ராத்திரி வேலை. அதற்குச் சம்பளம் பொங்கலுக்கு ஒரு வேட்டி.

நிரல் பறிபோகவில்லை. பென்டிரைவில் ஒரு பிரதி இருந்தது. தரவு, தளம் ஓடும் வாடகை சர்வரில் பத்திரமாக இருந்தது. ஆனால் வீட்டில் ஒரு சிறு மாற்றம் செய்து பார்ப்பதற்கு இனி இடமில்லை. இன்னொரு மடிக்கணினியில் ஸாம்பை (இணைய சர்வர், பிஎச்பி, தரவுத்தளம் எல்லாம் ஒன்றாக வரும் தொகுப்பு) நிறுவி, நிரலை அப்படியே எடுத்துப் போட்டால் ஓடவேண்டுமே? ஓடவில்லை. வெள்ளைப் பக்கம் வந்தது. பத்து வருடத்துக்கு மேலாக எந்தக் கோப்பில் எந்த வரியை மாற்றினேன், எந்த எழுத்துருவை எங்கே போட்டேன் என்பதெல்லாம் செத்துப்போன அந்தக் கணினிக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு படிக்கும் என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். பசியாறிக்கொண்டே கதையைக் கேட்டவன், "மாமா, டாக்கரில் போட்டுவிடலாம். இனி இடி விழுந்தாலும் கவலையில்லை" என்றான்.

டாக்கர் என்ற சொல் எனக்குப் புதிதில்லை. ஆங்கிலேயர் வழக்கில் அது துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவனைக் குறிக்கும். என் அப்பா பட்டர்வொர்த்தில் அந்த வேலைதான் செய்தார். அரிசி மூட்டை, ரப்பர்க் கட்டு, எதுவானாலும் தோள்தான். வலது தோளில் காய்த்துப்போன இடத்தை நாங்கள் சின்ன வயதில் தட்டிப் பார்ப்போம், மரம்போல் இருக்கும். கொள்கலன்கள் வந்த பிறகு ஒரு கப்பலுக்கு இத்தனை ஆள் தேவையில்லை என்று ஆகிவிட்டது. 1956இல் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி அமெரிக்காவில் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பியதிலிருந்து தொடங்கிய மாற்றம் அது. அப்பாவுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. "உள்ளே என்ன இருக்கிறது என்று கிரேனுக்குத் தெரியவேண்டாம், அதுதான் விஷயம்" என்று மட்டும் சொல்வார்.

மென்பொருள்காரர்கள் பிடித்துக்கொண்டதும் அந்த விஷயத்தைத்தான். ஒரு செயலிக்கு என்னென்ன தேவையோ அனைத்தையும் ஒரு பெட்டிக்குள் அடைத்து, எந்தக் கணினியிலும் அதே பெட்டியை இறக்கி ஓட்டுவது. டாக்கரை 2013 மார்ச்சில், பைத்தான் மொழிக்காரர்களின் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சு ஒன்றில் முதன்முதலாகக் காட்டினார். ஆனால் அடித்தளம் அதற்கும் பழையது. ஒரு நிரலுக்குத் தனிக் கோப்புறையையே முழு உலகமாகக் காட்டும் சிஎச்ரூட் 1979இலேயே யூனிக்ஸில் வந்துவிட்டது. யார் எவ்வளவு நினைவகம் சாப்பிடலாம் என்று அளந்து கொடுக்கும் சிகுரூப்ஸ் 2008இல் லினக்ஸின் மையக்கருவான கெர்னலில் சேர்ந்தது. ஆக, இது கணினிக்குள் இன்னொரு கணினி இல்லை. ஒரே கெர்னலின் மேல் ஓடும் சாதாரண நிரல்கள்தான். ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி நடுவில் தட்டி கட்டியிருக்கிறது. மருமகனின் மடிக்கணினி விண்டோஸ் என்பதால் அதற்குள் டபிள்யூஎஸ்எல் 2 வழியாக ஒரு லினக்ஸ் ஓடவேண்டும், அதன் மேல்தான் இந்தத் தட்டிகள். இதை நான் அவனுக்கு விளக்கினேன், அவன் எனக்கு விளக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மூன்று பெட்டிகள் என்று முடிவானது. வாசலில் நின்று வருகிறவர்களைக் கவனிக்கும் என்ஜின்எக்ஸ், நிரலை ஓட்டும் பிஎச்பி, தரவுத்தளத்துக்கு மரியாடிபி. இந்த மூன்றையும் எப்படி எழுப்புவது, எதோடு எதை இணைப்பது என்று ஒரே கோப்பில் எழுதி வைப்பதுதான் கம்போஸ். யாமல் வடிவத்தில் எழுதவேண்டும். ஓர் இடத்தில் டேப் விசையைத் தட்டிவிட்டேன், முழுக் கோப்பையும் ஏற்க மறுத்துவிட்டது. வெற்றிடங்கள் மட்டுமே செல்லும், டேப் செல்லாது. என் வயதுக்காரன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நேரடித் தளம் இன்னும் பிஎச்பி 5.6இல் ஓடிக்கொண்டிருந்தது. 2018 டிசம்பரோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவைத்திருந்தேன். பெட்டி முறையில் எனக்கு உடனே பிடித்துப்போனது இதில்தான்: பழைய 5.6 ஒரு பெட்டியில், புதிய 8.3 இன்னொரு பெட்டியில், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும், ஒன்றோடு ஒன்று மோதாது. 8056 என்ற போர்ட்டில், அதாவது எண்ணிட்ட வாசலில், பழையது; 8083இல் புதியது. ஸாம்பில் இதைச் செய்ய முயன்று ஒரு தைப்பூச விடுமுறையையே தொலைத்தவன் நான்.

முதல் முட்டல் தரவுத்தளத்தோடு. பிஎச்பி எழுந்துவிட்டது, மரியாடிபி எழுந்துவிட்டது, இணைப்பு இல்லை. "அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை" என்று பிழைச் செய்தி. எந்தக் கோப்பு என்று ஒரு மணி நேரம் தேடினோம். தேட வேண்டியது கோப்பே இல்லை. நிரலில் தரவுத்தளத்தின் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் என்று 2013இல் எழுதி வைத்திருந்தேன். அந்தச் சொல்லைக் கண்டால் பிஎச்பி பிணையத்தின் வழியே போகாது. அதே கணினியில் இருக்கும் சாக்கெட் கோப்பு ஒன்றைத் தேடும். பெட்டிக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தப் பெட்டியேதான். தரவுத்தளம் இருப்பது பக்கத்துப் பெட்டியில். கம்போஸ் கோப்பில் அந்தப் பெட்டிக்கு என்ன பெயர் வைத்தோமோ அதையே முகவரியாக எழுதினால் போதும், டாக்கர் வழி காட்டிவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாரும் அவரவர் வாசலைத்தான் "நம் வீடு" என்கிறார்கள், அதுபோல.

அதைச் சரிசெய்த பிறகும் சில நேரம் முதல் பக்கம் பிழை காட்டும், இரண்டாம் முறை திறந்தால் சரியாகிவிடும். தரவுத்தளப் பெட்டி எழுந்த பிறகு பிஎச்பி எழட்டும் என்று எழுதியிருந்தோம். ஆனால் டாக்கர் பெட்டி எழுந்ததை மட்டும்தான் பார்க்கிறது. மாமாக் கடையில் கதவு திறந்திருக்கும், கல் இன்னும் சூடாகியிருக்காது, ரொட்டி சானாய் கேட்டால் முறைப்பார்கள். மரியாடிபி பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்க்கும் சோதனை ஒன்றைச் சேர்த்து, அது தேறும்வரை காத்திரு என்று எழுதினோம்.

இனித்தான் தமிழ் வருகிறது.

நேரடி சர்வரிலிருந்து தரவை இறக்கிக்கொண்டு வந்து மரியாடிபியில் ஏற்றினோம். மேசைமேல் இரண்டு ஜன்னல்கள் பக்கத்தில் பக்கத்தில். இடதுபுறம் 8056, பழைய பிஎச்பி: பெயர்கள் பளிச்சென்று தமிழில். வலதுபுறம் 8083, புதிய பிஎச்பி: தலையில் சாய்கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், கரும்புள்ளி ஒன்று, மறுபடியும் சாய்கோட்டு ஏ, வட்டத்துக்குள் ஆர். பக்கம் முழுதும் அதே. ஒரே தரவுத்தளம், ஒரே அட்டவணை. இடதில் கோயில், வலதில் குப்பை.

மருமகன் எழுத்துருவைச் சந்தேகித்தான். நான் அந்தக் குப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு பலகை கெட்டால், கெட்ட விதத்தில் ஓர் ஒழுங்கு தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். இதில் ஒழுங்கு இருந்தது: மூன்று மூன்றாக வருகிறது. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். "க" என்பது 224, 174, 149. லத்தீன்-1 என்ற பழைய மேற்கத்திய அட்டவணையில், மரியாடிபிக்கு மூலமான மைஎஸ்கியூஎல் வைத்திருக்கும் வடிவத்தில், 224 என்பது சாய்கோட்டு ஏ, 174 என்பது வட்டத்துக்குள் ஆர், 149 என்பது கரும்புள்ளி. அப்படியானால் நான் 2013இல் அட்டவணையைக் கட்டும்போது அதைத் தமிழுக்கென்று கட்டவே இல்லை. லத்தீன்-1 என்றே விட்டுவிட்டேன். தரவுத்தளத்துக்கு அது தமிழ் என்றே தெரியாது. ஏதோ ஐரோப்பிய எழுத்துகள் என்று நினைத்து வாங்கி வைத்துக்கொண்டது. பழைய நிரலும் அதே லத்தீன்-1 பேசியதால் போட்டதைப் போட்டபடியே திருப்பிக் கொடுத்தது. இரண்டு பக்கமும் ஒரே பொய்யைச் சொன்னால் கணக்கு சரியாக வருமே, அதுபோல. புதிய நிரல் ஒழுங்காக யுடிஎஃப்-8 கேட்டது. தரவுத்தளமும் ஒழுங்காக, தான் வைத்திருந்த ஐரோப்பிய எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்தது.

திருத்தம் எளிது, தெரிந்தால். தரவை இறக்கும்போது லத்தீன்-1 என்றே சொல்லி இறக்கவேண்டும், அப்போது பைட்டுகள் மாறாமல் வெளியே வரும். கோப்பின் தலையில் குறியேற்றம் பற்றிய வரியை எழுதவேண்டாம் என்றும் சொல்லவேண்டும். பிறகு அட்டவணை வரையறைகளில் லத்தீன்-1 என்று இருக்கும் இடங்களை யுடிஎஃப்-8 எம்பி4 என்று மாற்றி, அதே பெயரைச் சொல்லி ஏற்றவேண்டும். எம்பி4 முக்கியம். மைஎஸ்கியூஎல்லின் பழைய யுடிஎஃப்-8 மூன்று பைட்டுகள்வரை மட்டுமே ஏற்கும். தமிழ் அதில் அடங்கிவிடும், ஆனால் வேண்டுதல் பெட்டியில் பக்தர்கள் போடும் கைகூப்பும் எமோஜி நான்கு பைட்டு, அங்கே வந்ததும் விழுந்துவிடும்.

ஏற்றினோம். வலதுபுறம் பெயர்கள் பளிச்சென்று தமிழில் வந்தன. மருமகன் கோப்பி போட எழுந்து போனான். நான் பட்டியலை மேலிருந்து கீழாகச் சும்மா ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. நீளமான பெயர்கள் சிலவற்றுக்கு வால் இல்லை.

"கோ. பாலசுப்பிரமணியம்" என்று ஒரு பெயர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப் புலத்துக்கு நான் கொடுத்த நீளம் 50. லத்தீன்-1இல் 50 எழுத்து என்றால் 50 பைட்டுதான். "கோ" என்பதில் க ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ஆக ஆறு பைட்டு, புள்ளியும் இடைவெளியும் இரண்டு, மொத்தம் எட்டு. மீதி 42 பைட்டில் 14 குறிகள் அடங்கும். பாலசுப்பிரமணியம் என்ற பெயரில் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணினால் 16. பதினான்காவது குறி "ய". அதோடு முடிந்தது. சீட்டில் வந்திருப்பது "கோ. பாலசுப்பிரமணிய". "ம்" எங்கும் சேமிக்கப்படவே இல்லை. தரவுத்தளம் ஒரு சத்தமும் போடாமல் வெட்டிப் போட்டிருக்கிறது, அப்படிப் போடுமாறு நானே அமைத்திருந்தேன்.

இது எனக்கு வெறும் கணக்கு இல்லை. சீட்டுகளில் "ம்" விடுபடுகிறது என்று வருடக்கணக்காகப் புகார் இருந்தது. கோயில் முகப்பில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் பெண்தான் கவனக்குறைவு என்று பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நானும் ஒருமுறை, "கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்று சொன்னது நினைவிருக்கிறது. மறுநாள் இரவு வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் அப்போதே சொன்னேனே அண்ணே, ம் போட்டேன் என்று. யார் கேட்டீர்கள்?" என்றார். பிறகு ஒரு டம்ளர் பால் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

வெட்டுப்பட்ட பெயர்களைத் திருப்பிச் சேர்க்க வழியில்லை, பழைய ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துக் கையால்தான் போடவேண்டும். மூன்று மாலைகள் உட்கார்ந்து முந்நூற்றுச் சொச்சம் பெயர்களைத் திருத்தினேன். நான்காம் நாள் எல்லாப் பெட்டிகளையும் நிறுத்திவிட்டுப் புதிதாக எழுப்பலாம் என்று கட்டளை போட்டேன், கடைசியில் ஒரு சிறு "வி" சேர்த்து. எங்கேயோ பார்த்த பழக்கம். அந்த "வி" வால்யூம்களையும் சேர்த்து அழிக்கச் சொல்கிறது. பெட்டி போனாலும் தரவு போகாமல் இருக்கவேண்டும் என்றுதான் தரவை வெளியே வால்யூமில் வைப்பது. அதையே அழி என்று நான் கேட்டேன், அதுவும் மறு கேள்வி கேட்காமல் செய்தது. மூன்று மாலைகளும் இரண்டு விநாடியில் போயின. மனைவி சமையலறையிலிருந்து, "மறுபடியும் இடியா?" என்று கேட்டார்.

மருமகன் சிரிக்கவில்லை, நல்ல பையன். மரியாடிபி இமேஜில், அதாவது பெட்டியை வார்க்கும் அச்சில், ஒரு குறிப்பிட்ட கோப்புறை உண்டு. தரவுத்தளம் காலியாக எழும்போது மட்டும் அதில் இருக்கும் கோப்புகளை அதுவே ஓட்டிக்கொள்ளும். திருத்தங்களை இனி அந்தக் கோப்புகளில் எழுதுவோம், வால்யூம் போனாலும் தானாகத் திரும்பி வரும் என்றான். பெயர்களை இரண்டாம் முறை திருத்தியபோது அப்படித்தான் எழுதினேன். இரண்டாம் முறை ஒன்றரை மாலைதான் ஆனது. புத்தகத்தில் பக்கங்கள் பழகிவிட்டன.

நேரத்தில் வந்த வம்பு இதைவிடச் சிறியது, ஆனால் நாங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் கோயிலில் சண்டையே வந்திருக்கும். காலை ஏழு மணிக்கு மருமகன் சோதனைக்காக ஓர் அர்ச்சனை பதிந்தான். சீட்டில் முந்தின நாள் தேதி. நள்ளிரவிலிருந்து காலை எட்டுவரை எது பதிந்தாலும் நேற்றுதான். பெட்டிக்குள் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரம், நமக்கு அதைவிட எட்டு மணி முன்னால். செத்துப்போன கணினி பினாங்கு நேரத்தில் இருந்ததால் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. பெட்டிக்கு நேர மண்டலத்தைச் சொன்னோம். பிஎச்பி அதைச் சட்டைசெய்யவில்லை, அதன் சொந்த அமைப்புக் கோப்பில் கோலாலம்பூர் என்று தனியாக எழுதவேண்டியிருந்தது.

ஒரு கிளைக்கதை. தளத்தில் பிறந்த நேரத்தைக் கொடுத்தால் நட்சத்திரமும் லக்கினமும் சொல்லும் பக்கம் ஒன்று உண்டு. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1ஆம் தேதிதான் எட்டு மணி நேர வித்தியாசத்துக்கு மாறியது. அதற்கு முன் ஏழரை. என் பழைய நிரல் எல்லாருக்கும் எட்டு என்றே கணக்கிட்டது. கோலாலம்பூர் என்று மண்டலத்தின் பெயரைக் கொடுத்தால் அந்த வரலாறும் சேர்ந்தே வருகிறது. 1979இல் பிறந்தவன் நான். என் லக்கினத்தைப் புதிய பெட்டியில் போட்டுப் பார்த்தேன், மாறிவிட்டது. மனைவியிடம் சொன்னேன். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

மருமகனோடு உண்மையில் வாக்குவாதம் வந்தது ஆல்பைன் விஷயத்தில். அவன் பிஎச்பி பெட்டிக்கு ஆல்பைன் லினக்ஸை அடியாக வைத்திருந்தான். அதன் அடிப்படை இமேஜ் சில எம்பி அளவுதான், டெபியன் என்ற இன்னொரு லினக்ஸோடு ஒப்பிட்டால் கைக்குழந்தை. அதில் எனக்கும் குறையில்லை. ஆனால் ரசீதில் மாதப் பெயர் தமிழில் வரவேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் வந்தது. மொழி தமிழ் என்று நிரலில் சரியாகத்தான் எழுதியிருந்தது. தேடியதில், ஐசியு என்ற நூலகம்தான் எல்லா மொழிகளின் மாதப் பெயர், கிழமைப் பெயர், அகர வரிசையை வைத்திருக்கிறது; ஆல்பைன் 3.16 முதல் இடத்தை மிச்சப்படுத்த ஆங்கிலத்தை மட்டும் இயல்பாக வைத்துவிட்டு, மற்ற மொழிகளை வேண்டுமென்றால் தனியாக நிறுவிக்கொள் என்று பிரித்துவிட்டார்கள். நிறுவினால் சரியாகிவிடும், ஒரு வரிதான். இருந்தாலும் எனக்குக் கோபம் வந்தது.

"மாமா, ஒரு வரிதானே?" என்றான்.

"அந்த ஒரு வரி தேவை என்று யார் சொன்னார்கள்? பிழைச் செய்தி வந்ததா? பேசாமல் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போகிறது" என்றேன்.

டெபியனுக்கு மாற்றினோம். இமேஜ் பெருத்தது. பெருக்கட்டும்.

டெபியனிலும் பிடிஎஃப் ரசீது கட்டம் கட்டமாக வந்தது, ஏனென்றால் பெட்டிக்குள் ஒரு தமிழ் எழுத்துருகூட இல்லை. நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவியதும் எழுத்துகள் வந்தன, ஆனால் "பெயர்" என்ற சொல்லில் கொம்பு "ப"வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. கணினியில் சேமிக்கும்போது "ப" முதலில், கொம்பு பிறகுதான். வரையும்போது அதை முன்னால் கொண்டுவருவது வடிவமைக்கும் நிரலின் வேலை. நாங்கள் பயன்படுத்திய பிடிஎஃப் நூலகத்துக்கு அந்த வித்தை தெரியவில்லை. வேறு நூலகத்துக்கு மாறினோம். பழைய கணினியில் இதை எப்படிச் சமாளித்தேன் என்று எனக்கு இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. ஏதோ செய்திருக்கிறேன்.

வேகம் பற்றி ஒன்று. முதலில் நிரலை விண்டோஸ் பக்கத்து சி டிரைவில் வைத்திருந்தோம், ஒரு பக்கம் திறக்க ஐந்தாறு விநாடி. லினக்ஸ் பக்கத்துக் கோப்புறைக்கு மாற்றியதும் கண் இமைப்பதற்குள் வந்தது. டபிள்யூஎஸ்எல் 2இல் இரண்டு உலகங்களுக்கு நடுவே ஒவ்வொரு கோப்பும் ஏறி இறங்குவதுதான் காரணம். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொருளாளர் ஐயா தன் கைபேசியில் பார்க்க விரும்பினார், எங்கள் வைஃபையில் சேர்ந்து 8083ஐத் திறந்தார், திறந்தது. நல்லது. அன்றிரவு மருமகன் மடிக்கணினியோடு நாசி கண்டார் கடைக்குப் போய், கடையின் வைஃபையில் சேர்ந்து வேலை பார்த்தான். அங்கேயும் அது திறந்துதான் இருந்தது. போர்ட்டை வெளியே விடும்போது முகவரி எதுவும் சொல்லாவிட்டால் டாக்கர் எல்லாப் பக்கமும் திறந்துவிடும். லினக்ஸில் சாதாரணத் தீச்சுவர் விதிகளையும் தாண்டிக்கொண்டு போகும். பக்தர்களின் பெயர், தொலைபேசி எண், நட்சத்திரம் அத்தனையும் குழம்பு ஊற்றுகிறவர் வரை தெரியும்படி ஓர் இரவு. இப்போது 127.0.0.1, அதாவது இதே கணினிக்கு மட்டும், என்று சேர்த்து எழுதியிருக்கிறோம், சோதனைக்கு உண்மைப் பெயர்களும் வைப்பதில்லை.

விடுமுறை முடிந்து மருமகன் படகேறிப் பினாங்குத் தீவுக்குப் போய், விடுதிக்குத் திரும்பினான். அன்றிரவே அறைத்தோழனின் மடிக்கணினியில், இந்தத் தளத்தை ஒருநாளும் பார்த்திராத கணினியில், கோப்புறையை இறக்கி ஒரே கட்டளையைப் போட்டிருக்கிறான். இமேஜ்கள் இறங்கச் சில நிமிடம், அவ்வளவுதான். ரசீதின் படத்தை அனுப்பினான். தேதி சரி. மாதம் தமிழில். கொம்பு தன் இடத்தில். பாலசுப்பிரமணியத்துக்கு "ம்" உண்டு. படத்தை மனைவியிடம் காட்டினேன். தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரக்காரரிடமும் காட்டினேன், அவருக்குத் தமிழ் தெரியாது.

அரை மணி கழித்து மறுபடி அழைத்தான். "மாமா, தலைப்பில் 'காணிகை ரசீது' என்று வருகிறது. ஒரு 'க்' விழுந்துவிட்டதுபோல."

வயிறு கலங்கியது. உட்கார்ந்து எண்ணினோம். காணிக்கை, எட்டுக் குறிகள், 24 பைட்டு, எந்தப் புலத்திலும் தாராளமாக அடங்கும். குறியேற்றத்தைப் பார்த்தோம், எழுத்துருவைப் பார்த்தோம், புதிய பிடிஎஃப் நூலகம் மெய்யெழுத்தை விழுங்குகிறதோ என்று வேறு சொற்களைப் போட்டுப் பார்த்தோம். எல்லாம் சரி. கடைசியில்தான் ரசீதின் வார்ப்புருக் கோப்பைத் திறந்தேன். அதில் "காணிகை" என்றுதான் இருக்கிறது. 2013இல் நான் என் கையால் தட்டியது. எந்தப் பெட்டியும் எதையும் விழுங்கவில்லை.

வார்ப்புருவைத் திருத்திவிட்டேன். ஆனால் கோயிலில் கையால் எழுதிக் கொடுக்கும் ரசீதுப் புத்தகங்களையும் தளத்தைப் பார்த்துத்தான் அச்சடித்தார்கள்; போன மாதம்தான் புதிதாக நூறு புத்தகம் வந்திறங்கியது. பொருளாளர் ஐயாவிடம் இன்னும் சொல்லவில்லை. முகப்பில் இருக்கும் அந்தப் பெண்ணுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நேற்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.